தாதிக்குத் தொண்டர் பட்டமா?

தாதியர் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வெளிவரும் பெண்ணிடம், "சில காலம் தொண்டராக வந்து பழகுங்கள், பிறகு பார்ப்போம்" என்று கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. இதனை நாம் வன்மையாக எதிர்க்கின்றோம்.

அரசாங்கத் தாதியர் கல்லூரிகளில் பயில்வோர்க்குப் பயிலும் மூன்றாண்டும் உதவித்தொகை உண்டு. காலதாமதமானாலும் நியமனமும் உண்டு. தகப்பனார் வெங்காயம் விற்ற பணத்தைத் தனியார் நிறுவனத்துக்குக் கட்டணமாகச் செலுத்திப் பயின்ற பிள்ளைக்கே இந்த 'அழைப்பு' வருகின்றது. அரிவி வெட்டுக்கு வந்தவரிடம், "இந்தப் போகம் பழகுங்கள், அடுத்த போகம் கூலி தருவோம்" என்று சொல்லத் துணியும் கமக்காரர் எவரேனும் உளரா?

தொண்டு என்பது நம்மவர்க்குப் புனிதமான சொல். திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் வைப்பது தொண்டு. வெள்ளத்திலே அயலவர்க்குச் சோறாக்கிக் கொடுப்பதும் தொண்டே. இரவு முழுவதும் விழித்திருந்து விடுதி நிறைந்த நோயாளருக்கு அளவு தவறாமல் மருந்து கொடுப்பதோ தொழில். 1860 இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பயிற்சிப்பள்ளி தொடங்கியபோது, பயிலும் பெண்களுக்கே உணவும் உறையுளும் தந்து, ஆண்டுக்கு 10 பவுணும் கொடுத்தார்கள். மே 12 ஆந் திகதி மேடையேறி அம்மையாரைப் புகழ்வோர் இந்தப் பத்துப் பவுணை மட்டும் மறந்துவிடுகின்றனர்!

சம்பளம் மட்டுமன்று இங்கே இழக்கப்படுவது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழில் கொள்வோர் இன்று 12 வீதம் செலுத்துதல் வேண்டும். சம்பளமே இல்லாதவளுக்கு எதில் 12 வீதம்? நோயாளியின் குருதி பட்ட ஊசி அவள் விரலில் குத்திவிட்டால் நட்டஈடு எங்கே? 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தத்தையன்றோ தேடும்! வளைகுடா நாட்டு வைத்தியசாலைகள் அனுபவச் சான்று கேட்கின்றன. பதவிப் பெயரும் சம்பளமும் இல்லாத கடிதம் அங்கே எவ்வளவு செல்லும்?

"சிறிய ஆஸ்பத்திரிகளிடம் பணமில்லை" என்பர். கட்டில் வாடகையில் அந்த இல்லாமை தென்படக் காணோம். "பழகக் காலம் வேண்டும்" என்பதும் ஒரு வாதம். வேண்டுமாயின் சம்பளத்தோடு தகுதிகாண் காலம் வைக்கலாமே! 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபின் தாதியர் பலர் கடல் கடந்தனர். ஆட்பற்றாக்குறை என்று ஒரு வாயாலும், தொண்டராக வா என்று மறு வாயாலும் பேசுவது எந்த நீதி?

2009 இல் போர் ஓய்ந்தபின் வட மாகாணத்தில் சுகாதாரத் தொண்டர்களாகப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவிலும் அமர்ந்தனர். அவர்கள் பெரும்பாலும் தாதியர் அல்லர். ஆயினும் நாள் குறிக்காத தொண்டு எங்கே கொண்டு விடும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். தேர்தல் வரும்போது மட்டும் அவர்களின் பட்டியலைக் கையிலெடுத்த தலைவர்களையும் கண்டோம்.

ஆகவே, வேலைக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு தாதியும் முதல் நாளிலேயே எழுத்தில் நியமனக் கடிதம் கேட்டு வாங்குக. அதிலே பதவியின் பெயரும், மாதச் சம்பளமும், தகுதிகாண் காலம் முடியும் திகதியும் இருத்தல் வேண்டும். கடிதம் தர மறுக்கும் வைத்தியசாலையைப் பெற்றோரும் நாடாதிருக்கட்டும். வேலை வாங்கிக்கொண்டு சம்பளமும் சேமலாப நிதியும் கொடாதோர்மீது தொழில் திணைக்களத்தில் முறையிடுவதற்கு, நம் சட்டத்தரணிகள் இப்பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காது துணை நிற்பார்களா? தொண்டு செய்ய விரும்புவோர்க்கு இதோ இடம்.