கோயில் வாசலில் எழுதிப் போடுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும், இந்து சமய அறநிலையத் துறை, பள்ளிக் கல்வித் துறை அமைச்சர்களுக்கும், எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும்,



ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ்.குமாரசாமி ராஜாவின் ஊர் இது. குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர் அவர். அடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டாளின் பெயரைச் சொல்லாமல் இங்கே எந்த மேடையிலும் நீங்கள் பேச்சைத் தொடங்குவதும் இல்லை.

இந்த இரண்டு ஊர்களை வைத்து இரண்டு முறை பெரிய சண்டை நடந்தது. இரண்டிலும் 'இந்துக்கள்' என்று ஒட்டுமொத்தமாகப் பேசினார்கள். இரண்டிலும் சாதி என்ற சங்கதி தப்பித்துக்கொண்டது.

2018 ஜனவரி 7 அன்று தினமணி ராஜபாளையத்தில் நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' கட்டுரையை வாசித்தார். ஆண்டாளின் பிறப்பு குறித்து அவர் எடுத்துக்காட்டிய ஒரு மேற்கோள் வினையாகிவிட்டது. அவர் வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகும் வழக்குகள் பதிவாயின. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். எங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று பேசி, பிறகு அதற்கு அவரும் வருந்தினார். மேற்கோளில் தவறு இருந்தால் இன்னொரு கட்டுரை எழுதி மறுத்திருக்கலாம். ஆனால் சில தலைவர்கள், உலகத்து இந்துக்கள் எல்லாரும் தங்களிடம் வக்காலத்து எழுதிக் கொடுத்ததைப் போலப் பேசினார்கள். மார்கழி விடியலில் திருப்பாவை கேட்டுவிட்டு மில்லுக்கு ஷிப்டுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2024 டிசம்பர் 15 அன்று இசையமைப்பாளர் இளையராஜா ஆண்டாள் சந்நிதிக்கு வந்தார். அர்த்த மண்டப வாசலில், உள்ளே வர அனுமதி இல்லை என்ற விதியை அவரிடம் சொன்னார்கள். அவர் வெளியே நின்றபடியே மரியாதையைப் பெற்றுக்கொண்டார். அந்தக் காட்சி பரவியதும் எதிர்த்தரப்பின் முறை வந்தது. இந்து என்றாலே இப்படித்தான் என்று கோயிலுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ஜீயர்கள், அர்ச்சகர்கள், பரிசாரகர்கள் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்று அறநிலையத் துறை விளக்கம் கொடுத்தது. சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் அல்ல நான், வதந்தியை நம்ப வேண்டாம் என்று இளையராஜாவும் சொன்னார். அத்துடன் எல்லாரும் கலைந்துவிட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த மண்டபத்துக்குள் நிற்கலாம் என்று விதி சொல்லும் அந்தச் சிலர், எந்தக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்க முடியும்? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டம் வந்தது. பயிற்சி முடித்தவர்களுக்கு அரசு பணி ஆணை கொடுத்தது 2021 ஆகஸ்டில். நடுவில் போனது அரை நூற்றாண்டு. ஆகமப்படி யார் அர்ச்சகராகலாம் என்ற விவகாரம் இன்னமும் நீதிமன்றத்துக்கும் செயலகத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறது. ஒட்டுமொத்த இந்துக்களையும் திட்டுவதால் இது ஓர் அங்குலம்கூட நகராது. இந்துக்கள் மனம் புண்படுகிறது என்று சொல்லி இந்தக் கேள்வியை மூடி வைப்பதும் நியாயம் இல்லை.

எங்கள் மாவட்டத்தின் கதையையே பாருங்கள். 1997இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அதற்கே கலவரம் வெடித்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர்களும், அந்தப் பெயரால் தலைநிமிர்ந்தவர்களும் பெரும்பாலும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே கணக்கில் எழுதினால் இப்படித்தான் முடியும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கூத்துதான். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு மணிக்கட்டில் பையன்கள் கட்டும் வண்ணக் கயிறு எதற்கு என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யார் பக்கத்தில் உட்காரலாம், யாரோடு பந்து விளையாடலாம் என்பதை அந்த நிறம் சொல்லிவிடும். 2019இல் பள்ளிக் கல்வித் துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. இந்து விரோதம் என்று பா.ஜ.க.வின் எச்.ராஜா எதிர்த்தார், அரசும் பின்வாங்கியது. நாங்குநேரியில் சாதியின் பேரில் ஒரு மாணவனை வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறும் மோதிரமும் கூடாது என்றது சரி. ஆனால் நெற்றித் திலகத்தையும் அதே பட்டியலில் சேர்த்தது. அம்மா பூசிவிட்ட திருநீறும், தன் சாதியைக் காட்டக் கட்டிய கயிறும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்தால், கயிற்றைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குத் திருநீறு கேடயமாகிவிடும். அப்படியே ஆனது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை:

ஒன்று, அறநிலையத் துறைக் கோயில்களில் யார் எதுவரை போகலாம் என்பதை எல்லாருக்கும் புரியும் தமிழில் வாசலிலேயே எழுதிப் போடுங்கள். அமைச்சர், நீதிபதி, நன்கொடையாளர் என்று எவருக்காகவும் அது வளையக் கூடாது. அந்த விதிக்கு எந்த ஆகமம் ஆதாரம், எந்தப் பதவிக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அதில் சேருங்கள்.

இரண்டு, பள்ளிகளில் சாதிக் கயிற்றை மட்டும் குறிவைத்து ஓர் ஆணை போடுங்கள். வழிபாட்டு அடையாளங்களைத் தொடாதீர்கள். எதிர்ப்பு வந்தால் பின்வாங்காதீர்கள்.

மூன்று, மதத்தை இழிவுபடுத்தியதாக வரும் புகாருக்கு ஒரே நாளில் வழக்கு, சாதிக் கொடுமைப் புகாருக்கு மாதக்கணக்கில் விசாரணை என்ற நிலை வேண்டாம். இரண்டு புகாருக்கும் காவல் நிலையத்தில் ஒரே வேகம் இருக்கட்டும்.

எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு ஒன்று. இந்துக்கள் சார்பில் பேசுவதாகச் சொல்கிறீர்கள். சேரியில் இருப்பவரும் இந்து என்றால், அவர் ஊர்க் கோயிலுக்குள் போக முடியாமல் நிற்கும் நாளில் அவர் பக்கம் வந்து நில்லுங்கள். வராதவரை, அந்தப் பெயரில் பேச உங்களுக்கு உரிமை இல்லை. ஆளுங்கட்சிக்கும் ஒன்று. தவறு செய்தவரின் பதவியையும் செயலையும் சொல்லிக் கண்டியுங்கள், நடவடிக்கை எடுங்கள். கோயிலுக்குப் போவது பாவம் அல்ல. வாசலில் ஒருவரை மறிப்பதுதான் குற்றம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

இப்படிக்கு,
ராஜபாளையம் வாக்காளர் ஒருவர்