பாக்கெட்டில் இருப்பது உரமல்ல, உயிர்!

ஊரில் நெல் போடும் சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். "அசோஸ்பைரில்லமா? போட்டேம்பா, ஒண்ணும் தெரியலை" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அவர் மேல் தப்பில்லை. பாக்டீரியா மேலும் தப்பில்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் நெற்பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம் அதைப் பயிருக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றுகிறது. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைப் பாஸ்போபாக்டீரியா கரைத்துக் கொடுக்கிறது.

அப்புறம் ஏன் பலன் தெரிவதில்லை?

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு கிராம் அசோஸ்பைரில்லம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். தூளின் ஆயுள் சுமார் 6 மாதம், அதுவும் குளுமையான இடத்தில் வைத்தால். தகரக் கூரைக் கிடங்கில் சித்திரை வெயிலைத் தாண்டிய பாக்கெட்டில் என்ன மிஞ்சும்? வெறும் தூள்தான். தொழிற்சாலையில் தரம் பார்ப்பது போதாது, விவசாயி கைக்கு வரும் இடத்திலும் அரசு பார்க்க வேண்டும். மானிய யூரியா மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைக்கும்போது, செத்துப்போன பாக்கெட்டை யார் இரண்டாம் முறை வாங்குவார்?

உயிர் இருந்தாலும் சாப்பாடு வேண்டுமே. அதனால்தான் ஹெக்டேருக்கு 10 பாக்கெட்டை (2 கிலோ) 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து, நடவுக்கு முன் தூவச் சொல்கிறார்கள். மாடுகள் குறைந்த ஊர்களில் தொழுவுரத்துக்கு எங்கே போவது? வைக்கோல், காய்கறிக் கழிவு எல்லாம் கைகொடுக்கும், ஆனால் மட்க வைத்த பிறகே. பச்சையாகப் போட்டால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். தண்ணீர் நிற்கும் வயலில் மீத்தேனும் கூடும். நகரத்துக் குப்பையும் உரமாகலாம். கண்ணாடித் துண்டு கலந்து வந்தால் வயலில் இறங்குபவர் காலைத்தான் கிழிக்கும். பச்சைத் தொட்டியில் நாம் எதைப் போடுகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியும்.

யூரியாவை அப்படியே நிறுத்திவிடலாமா?

கூடாது. தழைச்சத்து உரத்தில் சுமார் கால் பங்கைக் குறைக்கலாம் என்பதுதான் வேளாண் பரிந்துரை. 2021-ல் இலங்கை ரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. நெல் விளைச்சல் சரிந்தது, சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இந்த முறை சித்தப்பா பாக்கெட் வாங்கினால் தயாரிப்புத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். யூரியாவோடு சேர்த்துக் கலக்க வேண்டாம் என்றும்.