இழப்பீடு எந்தக் கணக்கில் விழ வேண்டும்?

அமெரிக்காவில் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, நடக்க முடியாமல் போன 30 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கு சில ஆண்டுகள் இழுக்கிறது. கடைசியில் எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனம் 3 லட்சம் டாலர் தர ஒப்புக்கொள்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. இதற்கிடையே அவர் அரசின் உதவித்தொகையை நம்பித்தான் நாட்களை ஓட்டி வந்திருக்கிறார். காசோலை அவர் பெயரில் வந்து அவர் வங்கிக் கணக்கில் விழுந்தால், அந்த உதவித்தொகை நின்றுபோகலாம். கூடவே மருத்துவ உதவியும் போகலாம். ஏன் அப்படி ஆகிறது, எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம்.

முதலில், அவருக்கு வருவது எந்த உதவி என்று தெரிய வேண்டும். இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் நடத்துவது ஒரே சமூகப் பாதுகாப்பு அலுவலகம். பெயர்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால் பலர் குழம்பிப்போகிறார்கள். ஒன்று எஸ்.எஸ்.டி.ஐ. வேலை பார்த்த நாட்களில் சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஈடாக, உடல் முடியாமல் போனபின் கிடைக்கும் தொகை அது. அதற்குச் சொத்து வரம்பு இல்லை. விபத்து இழப்பீடு எவ்வளவு வந்தாலும் அது குறையாது. வேலையிடத்து விபத்துக்கான ஈட்டுத்தொகைக்கு மட்டும் வேறு கணக்கு உண்டு.

மற்றது எஸ்.எஸ்.ஐ. கையில் ஒன்றும் இல்லாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தருவது. 2025-இல் தனிநபருக்கு மத்திய அரசு தந்த உச்சத் தொகை மாதம் 967 டாலர். இதைப் பெறுபவரிடம் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் சேராது. பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. இருந்தால் மெடிக்கெய்டும் உண்டு. மெடிக்கெய்டு என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. காலையில் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் அமர்த்தும் பணியாளருக்கான சம்பளத்தைப் பல இடங்களில் மெடிக்கெய்டுதான் தருகிறது. தனியார் காப்பீடுகள் பெரும்பாலும் இதற்குக் கைகொடுப்பதில்லை. ஆகவே மாதம் 967 டாலர் போவதைவிட மெடிக்கெய்டு போவதுதான் பெரிய அடி.

கணக்கு மாதவாரியாக நடக்கிறது. மார்ச் 12-இல் பணம் கைக்கு வந்தால், மார்ச் மாதத்துக்கு அது வருமானம். செலவானது போக மிச்சம் ஏப்ரல் முதல் தேதியில் சொத்து ஆகிவிடும். 2,000 டாலருக்கு மேல் இருந்தால் ஏப்ரல் உதவி கிடையாது. இப்படித் தொடர்ந்து 12 மாதம் நின்றுபோனால் பழைய தகுதியே முடிந்துவிடும். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். “தம்பி பெயரில் போட்டு வைக்கலாமே” என்று நம்மில் பலருக்குத் தோன்றும். அப்படிக் கொடுத்துவிடுவதும் தகுதியைப் பறிக்கும். தொகையைப் பொறுத்து 36 மாதம் வரை எஸ்.எஸ்.ஐ. மறுக்கப்படலாம்.

இதற்கு 1993-இல் ஒரு மத்தியச் சட்டம் வழி திறந்தது. சிறப்புத் தேவை டிரஸ்ட் என்று அதற்குப் பெயர். அறக்கட்டளை என்றதும் நமக்குத் தர்மகாரியம் நினைவுக்கு வரும். அதனால் டிரஸ்ட் என்றே எழுதுகிறேன். இது ஒரே ஒரு மனிதருக்காக ஏற்படுத்தும் தனிப் பெட்டகம். பணம் அவருடையது. பயன் அவருக்கு மட்டுமே. சாவி மட்டும் பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்கும். தன் விருப்பத்துக்கு எடுக்க முடியாத பணம் என்பதால் அது அவருடைய சொத்தாக எண்ணப்படுவதில்லை. டிரஸ்டில் பணம் சேரும்போது அவருக்கு 65 வயது ஆகியிருக்கக் கூடாது. பெற்றோர், தாத்தா பாட்டி, காப்பாளர், நீதிமன்றம் ஆகியோரே இதை ஏற்படுத்த முடியும் என்று முன்பு இருந்தது. 2016 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின் அவரே ஏற்படுத்தலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. அவர் இறந்தபின் டிரஸ்டில் மிஞ்சுவதிலிருந்து, மெடிக்கெய்டு அவருக்காகச் செலவழித்ததை மாநிலம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

செலவு செய்யும் விதத்தில்தான் நுணுக்கம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குப் புது பேட்டரி வேண்டும் என்று வையுங்கள். பொறுப்பாளர் கடைக்காரருக்கே பணம் கட்டினால் உதவித்தொகை குறையாது. அதே பணத்தை “நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அவர் கையில் கொடுத்தால் அது வருமானம். முதல் 20 டாலர் போக, டாலருக்கு டாலர் பிடிப்பார்கள். வீட்டு வாடகையை டிரஸ்ட் நேராகக் கட்டினாலும் பிடித்தம் உண்டு, ஆனால் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது: 2025 கணக்கில் மாதம் ஏறக்குறைய 342 டாலர். நல்ல வீடு கிடைக்கிறது என்றால் இந்தக் குறைவை ஏற்றுக்கொள்வதே சரி என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு. உணவுச் செலவை 2024 செப்டம்பர் 30 முதல் இந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

தொகை சிறிதாக இருந்தால், லாப நோக்கில்லாத அமைப்புகள் பலருடைய பணத்தையும் சேர்த்து நிர்வகிக்கும் கூட்டு டிரஸ்ட் போதும். ஏபிள் கணக்கு என்ற சேமிப்புக் கணக்கும் உண்டு. இதன் சாவி அவர் கையிலேயே இருக்கும். 2025-இல் ஆண்டுக்கு 19,000 டாலர் போடலாம். 1 லட்சம் டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. 26 வயதுக்கு முன் பாதிப்பு ஏற்பட்டவர்களுக்கே என்றிருந்த வரம்பை 2026 முதல் 46 ஆக்கியிருக்கிறார்கள்.

டிரஸ்டில் போடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒரு பாக்கியும் இருக்கிறது. விபத்துச் சிகிச்சைக்கு மெடிக்கெய்டு செலவு செய்திருந்தால், இழப்பீட்டிலிருந்து அதைத் திருப்பிக் கேட்கும். எவ்வளவு கேட்கலாம்? அர்கான்சா மாநிலத்து இளம்பெண் ஒருவர் 5.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். அவருடைய இழப்பின் முழு மதிப்பு 30 லட்சத்துக்கும் மேல். மாநிலம் 2,15,645 டாலர் கேட்டது. இழப்பீட்டில் மருத்துவச் செலவுக்கான பங்கிலிருந்து மட்டுமே எடுக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலத்துக்குக் கிடைத்தது 35,581 டாலர். வருங்கால மருத்துவச் செலவுக்கான பங்கிலும் மாநிலம் கை வைக்கலாம் என்று 2022-இல் புளோரிடா வழக்கில் தீர்ப்பு வந்தது. சமரசப் பத்திரத்தில் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது அதனால்தான் முக்கியம்.

இத்தனை ஏற்பாடும் ஒரு சின்ன எண்ணைச் சுற்றியே நடக்கிறது. 2,000 டாலர் என்ற வரம்பு 1989 முதல் மாறவில்லை. விலைவாசி அதன்பின் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. வரம்பை உயர்த்துவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. உயர்த்தினாலும் பெரிய இழப்பீடுகளுக்கு டிரஸ்ட் தேவைப்படத்தான் செய்யும்.

விபத்து வழக்கில் தேர்ந்த வழக்கறிஞர்கள் எல்லோரும் உதவித்தொகை விதிகளைக் கரைத்துக் குடித்தவர்கள் அல்லர். சமரசத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை வழக்கறிஞரின் மேசையில் வைத்து, இது எஸ்.எஸ்.ஐ.யா, எஸ்.எஸ்.டி.ஐ.யா என்று கேட்க வேண்டும். டிரஸ்ட் தயாரான பின், காசோலையில் டிரஸ்டின் பெயரே இருக்க வேண்டும். பணம் வந்ததை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.