கோப்பை வாங்கிய அணியைக் கோட்டைவிட்ட ஊர்

ஓர் ஊரின் கால்பந்து அணி காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனால் என்ன நடக்க வேண்டும்? நாலு பேர் கொடி பிடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டீக்கடையில் ஒரு வாய்ச்சண்டையாவது வர வேண்டும். 2025 அக்டோபரில் ஹைதராபாத் எஃப்சி, ‘ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டு தலைநகருக்குக் குடிபோனது. இங்கே ஹைதராபாத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அந்த அணியின் சட்டை மஞ்சள் நிறம். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு செகந்திராபாத் மோண்டா மார்க்கெட் பக்கம் டிபன் சாப்பிடப் போனால், கல்லாவில் இருக்கிற நம்ம ஊர்ப் பையன் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்கிறான்: “என்னண்ணே, சிஎஸ்கேவா? இந்த ஊர்ல தைரியமா போட்டுட்டு வந்திருக்கீங்க!” இல்லப்பா, இது ஹைதராபாத் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து சாம்பியன் என்றேன். “அது எந்த டீம்ணே?” என்று கேட்டுக்கொண்டே பில்லைக் கிழித்துக் கொடுத்தான். அவன்மேல் கோபமில்லை. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லாத ஊர் என்றால் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். இது சையது அப்துல் ரஹீமின் ஊர். உஸ்மானியாவில் பட்டம் பெற்று, காச்சிகுடா, சாதர்காட் பள்ளிகளில் பாடம் நடத்திய வாத்தியார் அவர். 1950இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டிலிருந்து 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை இந்தப் போலீஸ்காரர்கள் கையில்தான் இருந்தது. டூரண்ட் கோப்பையும் நான்கு முறை வந்தது. கடைசி முறை 1961இல், ஆந்திரா போலீஸ் என்ற பெயரில். கல்கத்தாவின் பெரிய அணிகளுக்கு எதிரே லத்தி பிடிக்கிற கை, பந்து உதைக்கிற கால்!

ரஹீம் வாத்தியார்தான் என்பதை மைதானத்திலும் பார்க்கலாம். பந்தை வைத்துக்கொண்டு தனி ஆவர்த்தனம் செய்வதே நம் ஆட்டக்காரர்களின் வியாதி என்று கண்டுபிடித்து, டிரிப்ளிங் செய்யவே கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலது காலில் உதைத்தே பழகியவன் இடது காலால் மட்டும்தான் ஆட வேண்டும் என்றும் தனியாகப் போட்டி வைத்தார். இப்போது லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஸ்பெயினிலிருந்து வருகிறவர்கள் ‘ஒன் டச்’ என்று சொல்வதை அவர் மண் தரையில் செய்து காட்டினார். இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மீண்டும் தங்கம். ஜகார்த்தாவில் அவர் நுரையீரல் புற்றுநோயோடுதான் நின்றுகொண்டிருந்தார். 1963 ஜூனில் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு இந்தியா அந்தத் தங்கத்தைத் தொட்டதேயில்லை.

மெல்போர்ன் அணியை எடுத்துப் பாருங்கள்: நூர் முகமது, அசீசுதீன், அகமது உசேன், சுல்பிகாருதீன், பீட்டர் தங்கராஜ், துளசிதாஸ் பலராம். எல்லாரும் இந்த இரட்டை நகரத்து மண். கடைசி இரண்டு பெயரையும் தமிழர்கள் இன்னொரு தடவை படிக்கலாம். பலராம் செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர், பெருவுக்கு எதிராகவும் அடித்தவர். கடைசிவரை ஒரு பத்ம விருது அவர் வாசலுக்கு வரவில்லை; 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் காலமானார். தங்கராஜ் செகந்திராபாத்தின் சின்ன கிளப்புகளில் ஆடத் தொடங்கி, ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். ஜகார்த்தா இறுதிப் போட்டியில் கோல் கம்பத்தில் நின்றவர் அவர்தான். சென்னையிலும் இந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியாது என்பது தனிக் கதை.

பிறகு இந்த ஊரின் கால்பந்து ஏன் சரிந்தது? காசுதான். கல்கத்தா கூப்பிட்டது, போனார்கள். பலராம் ஈஸ்ட் பெங்கால் போனார். நயீமுதீன் போனார், ஹபீப் போனார், சபீர் அலி போனார். நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே 1977இல் கல்கத்தா வந்தபோது மோகன் பகானுக்காக அவர்களுக்கு எதிரே கோல் போட்டது நம் ஹபீப். ஆட்டக்காரன் போனதைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் வயிறு இருக்கிறது. இங்கே அவர்கள் இடத்தில் அடுத்தவனை வளர்க்க ஆளில்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

அரை நூற்றாண்டு வறட்சிக்குப் பிறகு 2019இல் ஹைதராபாத் எஃப்சி வந்தது. வந்தது என்றால், புனேயில் இழுத்து மூடிய எஃப்சி புனே சிட்டியின் இடம் இங்கே வந்து இறங்கியது. முதல் ஆண்டு கடைசி இடம். அடுத்த இரண்டு சீசனும் கொரோனாவால் எல்லா ஆட்டமும் கோவாவில். 2022 மார்ச் 20, ஃபடோர்டா மைதானம்: கேரளா பிளாஸ்டர்ஸோடு 1-1, பெனால்டியில் கோல்கீப்பர் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார், கோப்பை ஹைதராபாத்துக்கு. மனோலோ மார்கஸ் என்ற பயிற்சியாளர், பதினெட்டு கோல் அடித்த ஒக்பெச்சே... என்ன ஓர் அணி! ஆனால் அந்த இரண்டு சீசனில் சொந்த மைதானமான கச்சிபௌலியில் ஓர் ஆட்டம்கூட இல்லை. சொந்த ஊர் பார்க்காமலே சாம்பியன் ஆன அணி அது. மறு சீசன் ஊருக்கு வந்து இரண்டாம் இடம் பிடித்தது. கூட்டம் மெல்லச் சேரத் தொடங்கிய நேரத்தில் பெட்டி காலி. சம்பள பாக்கி, புது ஆள் எடுக்கத் தடை, நல்ல ஆட்டக்காரர்கள் பாதி சீசனில் கிளம்பிவிட்டார்கள். 2023-24இல் சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அந்த ஒன்றும் சென்னையில், சென்னையின் எஃப்சிக்கு எதிரே! சென்னைக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் முதலாளி மாறினார், ஊரும் மாறியது. புனேயிலிருந்து ஹைதராபாத், ஹைதராபாத்திலிருந்து டெல்லி. டெல்லியில் முன்பிருந்த டெல்லி டைனமோஸ் 2019இலேயே ஒடிசா எஃப்சியாகப் புவனேஸ்வரம் போய்விட்டது. இசை நாற்காலிதான், பாட்டு நின்றதும் நிற்கிறவன் ரசிகன்.

எல்லா ஊரிலும் இப்படி நடப்பதில்லை. துருக்கியில் பர்ஸா என்று ஒரு நகரம். அதன் பர்ஸாஸ்போர், இஸ்தான்புல் ராட்சசர்களைத் தள்ளிவிட்டு 2010இல் நாட்டின் சாம்பியன் ஆனது. அதற்கு முன்னால் இஸ்தான்புல்லுக்கு வெளியே அந்தப் பட்டம் போனது ட்ராப்ஸோனுக்கு மட்டும். பிறகு பர்ஸாவும் நம்மைப் போலத்தான், கடன் கழுத்தை நெரித்து 2024இல் நான்காம் நிலை லீக் வரை உருண்டு விழுந்தது. ஆனால் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போகவில்லை. நான்காம் நிலை ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பியது. மறு ஆண்டே ஒரு படி மேலே ஏறியது. கடன் அங்கேயும் உண்டு, தோல்வியும் உண்டு. அணி ஊருக்குச் சொந்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹைதராபாத்தில் கால்பந்து ஆசையே இல்லை என்று யாராவது சொன்னால் சும்மா விடாதீர்கள். அணி டெல்லி போன இரண்டே மாதத்தில், 2025 டிசம்பர் 13 அன்று, மெஸ்ஸி வந்தார். உப்பல் கிரிக்கெட் மைதானம் நிறைந்தது. முதலமைச்சர் ரேவந்த் ரெட்டியே பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு சாயங்காலத்துக்கு ஊரே கால்பந்து ஊர். காசு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, முதல்வருக்கே ஆட்டம் தெரிந்திருக்கிறது. பின்னே எதற்குத்தான் குறை? ஞாபகத்துக்குத்தான். ஒரு காலத்தில் ஃபதே மைதானாக இருந்த லால் பகதூர் ஸ்டேடியத்தை இந்தத் தலைமுறைக்குத் தெரிய வைத்தது 2023இல் அங்கே நடந்த முதலமைச்சர் பதவியேற்பு விழா.

சரி, போனது போகட்டும். கச்சிபௌலி மைதானம் அரசாங்கத்துடையது. நாளைக்கு இன்னொரு முதலாளி இன்னோர் உரிமத்தோடு வந்து மைதானம் கேட்கத்தான் போகிறார். அப்போது ஒப்பந்தத்தில் இரண்டே வரி சேர்க்கச் சொல்லிக் கேட்போம்: ‘ஹைதராபாத்’ என்ற பெயரை வைத்தால் பத்து ஆண்டுக்கு ஊரை விட்டு நகரக் கூடாது, செகந்திராபாத்திலும் பழைய நகரத்திலும் பையன்களுக்குப் பயிற்சி மையம் நடத்த வேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் மைதானத்தின் சாவியைக் கொடுக்காதீர்கள்.