சோர்ஸ் ஃபைல் யாருக்குச் சொந்தம்?

இந்த வார எபிசோடில் நேரமில்லாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே எழுதிடறேன்.

2023-ல் ஷார்ஜாவில் ஒரு கடைக்கு வெப்சைட் செஞ்சு கொடுத்தேன். முழுப் பேமெண்டும் வந்தாச்சு. ஆறு மாசம் கழிச்சு, "ஃபிக்மா ஃபைல், கோடு எல்லாம் அனுப்புங்க"ன்னு கேட்டாங்க. "அது என்னோடது, தனியா காசு"ன்னு சொன்னேன். கிளையண்ட் போனவர் போனவர்தான். தப்பு அவர் மேலன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

அது நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நினைப்பு. இந்தியாவின் 1957 காப்பிரைட் சட்டத்தில், காண்ட்ராக்டில் எழுதும் கோடுக்கு எழுதினவரே முதல் உரிமையாளர். உரிமையை மாத்தணும்னா எழுத்தில் இருக்கணும். அதிலும் காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான். இடம் குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள் மட்டும்தான்.

இங்கே அமீரகத்தில் கதை வேற. 2002-ம் வருஷச் சட்டத்தை மாத்தி, 2021-ன் 38-ம் எண் சட்டம் வந்தது. 2022 ஜனவரி 2 முதல் அமலில் இருக்கு. அதன்படி, ஒருத்தருக்காகச் செய்த படைப்பின் உரிமை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, அவருக்கே போகும். நாம எதுவும் எழுதாம விட்டா, அது கிளையண்டுக்குச் சாதகம். நம்மில் பலர் இன்னும் தலைகீழா நினைச்சிட்டிருக்கோம்.

என் கருத்து: வேலை முடிஞ்சப்புறம் ஃபைலைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுப் பேரம் பேசுறது சரியில்லை. கிளையண்ட் கண்ணுக்கு அது மிரட்டல் மாதிரிதான் தெரியும். பேச வேண்டிய இடம் கொட்டேஷன். அதில் மூணு விஷயம் இருந்தா போதும்.

ஒண்ணு, எந்தெந்த ஃபைல் கைக்கு வரும், சோர்ஸ் ஃபைல் அந்த விலையில் சேர்த்தியா இல்லையா.

ரெண்டு, நாம பல புராஜெக்டில் பயன்படுத்துற சொந்த லைப்ரரி நம்மோடது. கிளையண்டுக்கு அதைப் பயன்படுத்தும் லைசென்ஸ் மட்டும். நமக்குப் பெரிய நஷ்டம் வரக்கூடிய இடம் இதுதான்.

மூணு, மத்தவங்க பொருள். உதாரணத்துக்கு, அடோபி ஃபாண்ட்ஸ் எழுத்துருவை நாம பேக் பண்ணி அனுப்ப முடியாது. கிளையண்ட் சொந்தமா சந்தா எடுக்கணும். ஓப்பன் சோர்ஸ் கோடுக்கு அதனதன் லைசென்ஸ் இருக்கு.

"இதெல்லாம் கேட்டா வேலையே கிடைக்காது"ன்னு சிலர் சொல்வீங்க. என் அனுபவத்தில், முதல் நாளே சொன்னா யாரும் முகம் சுளிச்சதில்லை. இப்போ சோர்ஸ் ஃபைலையும் சேர்த்தே விலை சொல்றேன்.

உங்க கொட்டேஷனில் என்ன எழுதறீங்க? ரிப்ளை போடுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.