திங்கட்கிழமை கோழிக்குழம்பு
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)

ஆண்டு மலர் என்றால் விடுதி வாழ்க்கையின் இனிய நினைவுகளை எழுத வேண்டும் என்பார்கள். நான் எழுதப்போவது கோழிக்குழம்பைப் பற்றி. அதுவும் ஞாயிறு மதியம் வைத்து, மிச்சத்தைத் திங்கள் காலை இட்லிக்கு ஊற்றுகிறோமே, அந்தக் குழம்பைப் பற்றி. 'மறுநாள்தான் மாப்ளே, மசாலா இறங்கி டேஸ்டா இருக்கும்' என்று இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வு ஒரு திங்கட்கிழமை வந்தது. ஏழரை மணிக்கு இட்லியும் குழம்பும் சாப்பிட்டோம். பத்தரை மணிக்கு லேத் முன்னால் நின்ற என் அறை நண்பன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவனோடு சேர்த்து நாலு பேர். வாந்தி அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. விட்ட பேப்பரை எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் மாஸ்டரைத்தான் திட்டினோம். 'சரியா சூடு பண்ணல' என்றோம். ஆனால் மெஸ் பிரதிநிதியாக இருந்த நான் அன்று காலை அடுப்புப் பக்கம்தான் நின்றேன். குழம்பு தளதளவென்று கொதித்தது. பிறகு ஏன் இப்படி ஆனது என்று படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளரும்போது கக்கி வைக்கும் விஷம் கொதித்தாலும் அழிவதில்லை. அந்த விஷத்துக்குச் சில மணி நேரத்திலேயே வாந்தி வரும். அந்தக் கிருமி இருக்கும் இடம் நம் மூக்கும் கையும். அன்று எங்களுக்கு வந்தது அதுதானா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் ஆளுக்கு எத்தனை பீஸ் என்று வெந்த கறியை வெறும் கையால் எண்ணிப் பிரித்தது யார்? மெஸ் கமிட்டிதான். அதாவது நான்தான்.

இன்னொரு கிருமியும் உண்டு. பெயர் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இதன் வித்துகள் சமையல் சூட்டிலும் சாகாமல் கறிக்குள் இருக்கும். குழம்பு மெல்ல ஆறும்போது விழித்துக்கொள்ளும். 43, 45 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். பொதுவாக 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரம்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபில் தெர்மாமீட்டர் வாங்கி வந்து நம் அண்டாவில் விட்டுப் பார்த்தேன். (சார் எதற்கென்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டுக் கொடுத்தார்.) மதியம் ஒரு மணிக்கு இறக்கிய குழம்பு, பாதி பரிமாறிய பிறகும், இரவு எட்டு மணிக்கு நடுவில் 46 டிகிரி. கிருமிக்கு அடைகாத்த மாதிரி! தெர்மல் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பாத்திரம் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் உள்ளே குழம்பு எட்டு மடங்கு, சூடு வெளியேறும் பரப்பு நாலு மடங்குதான். அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வைத்தாலும் நடுக்குழம்பு ஆற நேரமாகும்.

'எங்க ஆத்தா மூணு நாள் மீன்குழம்பு ஊத்துச்சு, ஒண்ணும் ஆகல' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. என் ஆத்தாவும் அப்படித்தான். ஆனால் அது சின்னச் சட்டி, சீக்கிரம் ஆறிவிடும். புளி கரைத்த குழம்பு, அந்தப் புளிப்பில் பல கிருமிகள் வளராது. ராத்திரியும் காலையும் சுண்ட வைப்பாள், கையை விடவே மாட்டாள். ஆட்டுக்கறி மிஞ்சும் என்று தெரிந்தால் சமைக்காமலேயே உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவிட்டு உப்புக்கண்டம் போட்டுவிடுவாள். நம் அண்டாவில் இதில் எது இருக்கிறது?

மிச்சத்தைக் கொட்டலாமே என்றால் டிவைடிங் சிஸ்டம் குறுக்கே நிற்கிறது. கொட்டினால் பில் ஏறும். 'கொட்டாதீங்க மாஸ்டர், காலையில ஓட்டிக்கலாம்' என்று மெஸ் மீட்டிங்கில் கை தூக்கியது நாம்தான். மாஸ்டர் அல்ல. பணம் இல்லாத வீட்டிலிருந்து வந்த நண்பர்களுக்குப் பத்து ரூபாயும் பெரிதுதான், எனக்கும் பெரிதுதான். ஆனால் ஓர் அரியருக்குத் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று அந்த நாலு பேரைக் கேளுங்கள்.

அடுத்த மெஸ் மீட்டிங்கில் நான் கொண்டுவரப் போகும் தீர்மானம் இதுதான்: ஞாயிறு காலையிலேயே டோக்கன் வாங்கி, தலைக்கணக்குப்படி மதியத்துக்கு மட்டும் கறி போடுவது, பீஸ் எண்ணக் கரண்டி, கை கூடாது, பரிமாறி இரண்டு மணிக்கு மேல் மிஞ்சினால் கொட்டுவது, திங்கள் இட்லிக்குச் சாம்பார். கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். வந்து பேசுங்கள்.