கலைச் சிகிச்சையாளருக்கு அரசு உரிமம்: யாரைக் காக்கும், யாரைத் தடுக்கும்?

அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அரசு உரிமம் பெறாத ஒருவர் அழகுநிலையம் நடத்திப் பிறருடைய கூந்தலை வெட்ட முடியாது. ஆனால், வன்கொடுமைக்கு உள்ளான ஒரு குழந்தையின் கையில் வண்ணங்களைக் கொடுத்து, அக்குழந்தை வரைவதன் வழியாக அதன் மனக்காயத்தை ஆற்ற முற்படும் ஒருவர், பல மாநிலங்களில் எவ்வித உரிமமும் இன்றித் தம்மைக் 'கலைச் சிகிச்சையாளர்' என்று அழைத்துக்கொள்ளலாம். ஆர்ட் தெரபி எனப்படும் இத்துறையில் முறையாகப் பயின்றவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்தின் கதவையும் தட்டி வருகின்றனர். தங்களுக்கென்று தனி உரிமச் சட்டம் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

இக்கோரிக்கை நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், உரிமச் சட்டம் ஒருவரை உள்ளே அனுமதிக்கும் அதே வரியில் மற்றொருவரை வெளியே நிறுத்துகிறது. வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த உரிமத்தையும் வரவேற்க இயலாது. இந்தியாவிலும் இத்துறையைத் தொடும் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் வேளையில், அமெரிக்க அனுபவத்தை ஊன்றிப் படிப்பது நமக்கு அவசியமாகிறது.

சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

'கலைச் சிகிச்சை' என்னும் சொல்லை 1942-இல் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோய் மருத்துவமனையில் தாம் படுத்திருந்தபோது ஓவியம் தமக்குத் தந்த ஆறுதலை மற்ற நோயாளிகளுக்கும் கொண்டுசென்றவர் அவர். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பி 1938-இல் அங்கு வந்த ஈடித் கிரேமர் ஆகியோர் இத்துறைக்கு அடித்தளமிட்டனர். 1969-இல் அமெரிக்கக் கலைச் சிகிச்சைச் சங்கம் உருவானது. தகுதிச் சான்றுகளை வழங்குவதற்கெனத் தனி வாரியம் 1993-இல் அமைந்தது.

அவ்வாரியம் வழங்குவது தனியார் சான்றிதழ் மட்டுமே. சான்றிதழ் ஒருவருடைய தகுதியைச் சொல்லும். தகுதியற்றவரைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தவறிழைத்தவருடைய சான்றிதழை வாரியம் திரும்பப் பெறலாம். ஆனால் அவர் மறுநாளே வேறொரு பெயர்ப்பலகையுடன் தொழிலைத் தொடர்வதை அதனால் நிறுத்த முடியாது. சட்டத்தின் வலிமை பெற்ற உரிமம் மட்டுமே அதைச் செய்ய வல்லது.

பிரிட்டனில் இச்சிக்கல் ஒரே வீச்சில் தீர்க்கப்பட்டது. அங்கு 1997 முதல் கலைச் சிகிச்சையாளர்கள் அரசுப் பதிவுக்கு உட்பட்டவர்கள். பதிவு பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவது இன்று குற்றமாகும். அமெரிக்காவில் அவ்வாறு நடக்கவில்லை. தொழில்களை முறைப்படுத்தும் அதிகாரம் அங்கு ஒன்றிய அரசிடம் இல்லை, மாநிலங்களிடமே உள்ளது. மருத்துவருக்கு உரிமம் கட்டாயமாக்கிய மேற்கு வர்ஜீனியாவின் சட்டத்தை 1889-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா' வழக்கில் செல்லுபடியாக்கியது. அத்தீர்ப்பே இன்றுவரை மாநில உரிமச் சட்டங்களுக்கு அடிப்படை. எனவே ஒரு சிறிய தொழிற்குழு ஐம்பது சட்டமன்றங்களில் ஐம்பது முறை போராட வேண்டியுள்ளது.

மாநிலம் மாநிலமாக

நியூ மெக்சிகோ 1993-இலும், கென்டக்கி 1994-இலும் கலைச் சிகிச்சையாளருக்கு உரிமம் வழங்கச் சட்டம் இயற்றின. பின்னர் மிசிசிப்பி இணைந்தது. நியூயார்க் 2002-இல் இயற்றிய சட்டம், ஓவியம், இசை, நடனம், நாடகம் என அனைத்தையும் உள்ளடக்கிப் 'படைப்புக் கலைச் சிகிச்சையாளர்' என்ற ஒரே உரிமத்தை உருவாக்கியது. மேரிலாந்து 2012-இல் சட்டமியற்றியது. ஒரேகான், டெலவேர், கனெடிகட், வர்ஜீனியா ஆகியவை பின்தொடர்ந்தன. நியூ ஜெர்சியும் உரிமச் சட்டம் இயற்றியது.

இச்சட்டங்கள் ஒரே வகையானவை அல்ல. சில, பட்டப்பெயரை மட்டும் காக்கின்றன: உரிமம் இல்லாதவர் அப்பணியைச் செய்யலாம், அப்பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. வேறு சில, பணியையே உரிமம் பெற்றவருக்கு மட்டும் உரியதாக்குகின்றன. சட்டம் பயில்வோர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது வகை ஏமாற்றைத் தடுக்கிறது. இரண்டாவது வகை போட்டியையும் தடுக்கிறது.

உரிமத்தால் விளையும் பயன்கள் உண்மையானவை. காப்பீட்டு நிறுவனங்களும், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டமும் பொதுவாக மாநில உரிமம் பெற்றவரது கட்டணத்தையே ஏற்கின்றன. உரிமம் இல்லாத மாநிலத்தில், கையில் பணமுள்ளவருக்கு மட்டுமே இச்சிகிச்சை எட்டும். மருத்துவமனைகளிலும் அரசுத் துறைகளிலும் பணியிடம் உருவாவதற்கும் உரிமமே வாயில். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்டவர் முறையிடுவதற்கு ஓர் அரசு அமைப்பு கிடைக்கிறது. சிகிச்சை அறையில் அதிகாரம் சமமாக இருப்பதில்லை. எளியவரின் முறையீட்டுக்குச் சட்டப்பூர்வமான செவி வேண்டும் என்பதை வழக்கு மன்றங்களில் நாள்தோறும் காணும் நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

எதிர்ப்பின் இரு முகங்கள்

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வருகிறது. முதலாவது, ஏற்கெனவே உரிமம் பெற்ற உளவியலாளர்கள், மனநல ஆலோசகர்கள் ஆகியோரிடமிருந்து. தங்கள் தொழில் எல்லைக்குள் புதியவர் நுழைவதை அவர்கள் விரும்புவதில்லை. நேற்று இதே கதவின் முன் காத்திருந்தவர்கள் இன்று உள்ளிருந்து தாழிடுகின்றனர். உரிமச் சட்டங்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நிகழ்வது.

இரண்டாவது எதிர்ப்பு, உரிம முறையையே ஐயுறுவோரிடமிருந்து. 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. இன்று நான்கில் ஒருவருக்கும் அதிகமானோருக்குத் தேவைப்படுகிறது என்று 2015-இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை கூறியது. தேவையற்ற உரிமங்கள் விலையை உயர்த்தும், ஏழைகளின் வேலைவாய்ப்பைச் சுருக்கும் என்பது அதன் எச்சரிக்கை. அதே ஆண்டில், வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியம் பல் வெண்மையாக்கும் சிறுதொழில் செய்தோரை வெளியேற்ற முயன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை அளித்தது. தொழில் செய்வோரே பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் வாரியம், அரசின் நேரடி மேற்பார்வை இல்லாதவரை, போட்டித் தடுப்புச் சட்டத்திலிருந்து விலக்குக் கோர முடியாது என்பதே அத்தீர்ப்பு. கொலராடோ, வாஷிங்டன் முதலிய மாநிலங்களில், புதிய உரிமம் தேவைதானா என்பதை முன்கூட்டியே ஆராயும் நடைமுறையும் உள்ளது. உரிமம் இல்லாமையால் பொதுமக்களுக்கு விளைந்த தீங்கைக் காட்டும் பொறுப்பு அங்கு உரிமம் கோருவோரையே சேர்கிறது.

இவ்விரு எதிர்ப்புகளையும் ஒன்றாகப் பார்ப்பது பிழை. முதலாவது தன்னலம், இரண்டாவதில் நாம் செவிகொடுக்க வேண்டிய உண்மை இருக்கிறது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டவர்கள். மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்த 1910-இல் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்தது. அதற்குப் பின், கறுப்பினத்தவருக்காக இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. தென் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்து வந்த கறுப்பின மருத்துவச்சிகள், அனுமதிச் சீட்டு, பயிற்சி, மேற்பார்வை என்ற பெயர்களில் 20-ஆம் நூற்றாண்டின் ஓட்டத்தில் படிப்படியாக அகற்றப்பட்டனர். ஆப்பிரிக்க முறையில் தலைமுடி பின்னும் பெண்கள், தங்கள் கலையைக் கற்றுத்தராத அழகுக்கலைப் பள்ளிகளில் பல நூறு மணி நேரம் பயில வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டனர். வழக்கும் போராட்டமும் நடந்த பிறகே, மிசிசிப்பி மாநிலம் 2005-இல் எளிய பதிவு முறைக்கு மாறியது. மூன்றிலும் முன்வைக்கப்பட்ட காரணம் ஒன்றே: பொதுமக்கள் பாதுகாப்பு.

கலைச் சிகிச்சைத் துறையும் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1930-களில் ஹார்லம் மருத்துவமனைச் சுவரில் ஓவியம் தீட்டிய ஜார்ஜெட் சீப்ரூக் பவல், ஓவியங்களில் கறுப்பின மனிதர்கள் மிகுதியாக இருப்பதாக எழுந்த எதிர்ப்பைச் சந்தித்தவர். பிற்காலத்தில் கலைச் சிகிச்சையாளராகப் பணியாற்றினார். குடியுரிமைப் போராட்டக் களத்தில் நின்ற ஓவியர் கிளிஃப் ஜோசப், சிறுபான்மையினர் இத்துறைக்குள் வர வேண்டும் என்று 1970-களிலேயே சங்கத்துக்குள் குரலெழுப்பினார். லூசில் வெஞ்சர் 1977-இல் தம் முனைவர் பட்ட ஆய்வையே கறுப்பினரின் கலைச் சிகிச்சை அனுபவம் குறித்து எழுதினார். ஆயினும் இன்றும் இத்துறையில் இருப்போர் பெரும்பாலும் வெள்ளையின மக்களே.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, பாதையின் விலை. முதுநிலைப் பட்டம், ஊதியமற்ற களப்பயிற்சி, பட்டத்துக்குப் பின் மேற்பார்வையில் பணி, தேர்வுக் கட்டணம், உரிமக் கட்டணம் என்று அப்பாதை நீள்கிறது. நியூயார்க்கில் பட்டத்துக்குப் பின் மட்டும் 1,500 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரி இவ்வழியில் எங்கே நின்றுவிடுவார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அங்கீகாரத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. 2017-இல் துணை அதிபரின் மனைவி கேரன் பென்ஸ் கலைச் சிகிச்சையைத் தமது முதன்மைப் பணியாக அறிவித்தபோது, இத்துறைக்கு அதுவரை கிட்டாத விளம்பரம் கிடைத்தது. சங்கம் அதை வரவேற்றது. ஆனால், தாங்கள் சிகிச்சையளிக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் பால் புதுமையினருக்கும் அந்த அரசின் கொள்கைகளே தீங்கிழைப்பதாகக் கூறி, சிகிச்சையாளர் பலர் எதிர்த்தனர். அதிகார மாளிகையின் ஆதரவுக்காகப் பாதிக்கப்பட்டவரின் தரப்பை விட்டுக்கொடுக்கலாகாது என்ற அவர்களது நிலைப்பாட்டில் நாம் கற்க வேண்டியது உண்டு.

இந்தியச் சட்டத்தின் முன் நாம்

இந்திய நாடாளுமன்றம் 2021-இல் துணை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அட்டவணையில் 'இயக்கச் சிகிச்சையாளர்' என்னும் பிரிவுக்குள் கலை, நடனச் சிகிச்சையாளர்களும் இடம்பெறுகின்றனர். துணைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரமும், உடல்நலப் பராமரிப்புத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரமும் கல்வி வேண்டும் என்று சட்டம் வரையறுக்கிறது. தேசிய ஆணையமும் மாநில மன்றங்களும் பதிவேடுகளைப் பேண வேண்டும். பல மாநிலங்கள் மன்றங்களை அமைக்காமல் காலம் தாழ்த்தியதால், சட்டத்தைச் செயல்படுத்துமாறு 2024-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்த நேர்ந்தது.

ஆக, அமெரிக்காவில் மாநிலந்தோறும் போராடிப் பெறுவதை இங்கு ஓர் அட்டவணையின் ஒற்றை வரி தந்துவிட்டது. போராட்டம் இல்லாமல் கிடைத்ததாலேயே விவாதமும் இல்லாமல் போயிற்று. விதிகள் முழுமையாக உருப்பெறும் முன்பே அவ்விவாதத்தை நாம் தொடங்க வேண்டும்.

பறையை எடுத்துக்கொள்வோம். இழிதொழில் என்று ஒரு மக்கள் மீது சுமத்தப்பட்ட அக்கலையை, விடுதலையின் குரலாக அம்மக்களே மீட்டெடுத்தனர். இன்று சேரிக் குழந்தைகளுக்குப் பறையும் ஓவியமும் நாடகமும் கற்பிக்கும் கலைஞர்கள், வன்கொடுமைக்குப் பின்னர் அச்சத்தில் உறைந்த தெருக்களில் மீண்டும் சிரிப்பைக் கொண்டுவருகின்றனர். அவர்களிடம் 3,600 மணி நேரப் பட்டம் இல்லை. நாளை இதே பறை 'தாளச் சிகிச்சை' என்று பெயர் மாறிப் பெருநகர மருத்துவமனையில் கட்டணத்துக்கு வழங்கப்படும்போது, அதைக் கற்றுத்தந்தவர் உரிமமற்றவர் ஆகிவிடலாகாது.

இதற்கு உரிமமே வேண்டாம் என்பது விடையாகாது. உரிமம் இல்லாத இடத்தில் போலிகளிடம் சிக்குவோரும் நம் மக்களே. எனவே நாம் கோர வேண்டியவை இவை: பட்டப்பெயரையும், நோயறிந்து சிகிச்சையளிக்கும் பணியையும் சட்டம் காக்கட்டும், கலை கற்பித்தலையும் சமூகக் கலைப் பணியையும் தெளிவான விலக்குப் பிரிவால் அதன் எல்லைக்கு வெளியே வைக்கட்டும். நெடுங்காலம் பணியாற்றியோரின் அனுபவத்தை மதிப்பிட்டுப் பதிவளிக்கும் வழி வேண்டும். கல்வியிடங்களில் இடஒதுக்கீடும், களப்பயிற்சிக்கு ஊதியமும் வேண்டும். மாநில மன்றங்களில் தொழிலர் அல்லாத பொதுமக்களும், தலித் மற்றும் பழங்குடிச் சமூகத்தினரும் அமர வேண்டும். முறையீட்டு நடைமுறை தமிழில், கட்டணமின்றி இருக்க வேண்டும்.

சட்ட மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இச்சட்டத்தின் அட்டவணையையும் விதிகளையும் ஒருமுறை முழுமையாக வாசிக்க வேண்டுகிறோம். வரைவு விதிகள் கருத்துக்கேட்புக்கு வரும்போது எழுத்துவடிவில் மறுமொழி அனுப்புவது எளிய பணியே. விதி அரசிதழில் வெளியான பின் அதை நீதிமன்றத்தில் மாற்றுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் பணி. ஹார்லத்தின் ஓவியர்களுக்கும் மிசிசிப்பியின் முடிபின்னும் பெண்களுக்கும் அவ்வாய்ப்பு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நமக்கு இன்னும் இருக்கிறது.